மரமேறுந் தொழிலில் கயிற்றுக் காவலும் விசை ஏற்றமும்

மரத்தினின்று வீழ்ந்து ஒருவன் மாண்டான் என்னுஞ் செய்தி நம் நாட்டில் புதிதன்று. அதனைக் கேட்போர் விதியென்று சொல்லி வாளாவிருப்பதும் புதிதன்று. விதியென்பது வேறு, நைந்த கயிறென்பது வேறு. நைந்த கயிற்றை மாற்றலாம். மாற்றாதிருந்துவிட்டு விதியை நொந்துகொள்வது ஐக்கியச் சங்கத்தார்க்கு அழகன்று. 1904-ஆம் வருஷத்தில் திரூர்க் கிராமத்திலே முதல் நாணயச் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, தனியொருவனால் ஆகாததைப் பலர் கூடிச் செய்துகொள்ளுதலே நம் இயக்கத்தின் நோக்கமாகும். மரமேறுவோனுடைய உயிர்க்காவலும் அத்தகைய காரியங்களில் ஒன்றென்பதைக் காட்டுவதற்காகவே இப்பாடம் எழுதப்படுகின்றது.

1. பட்டணத்து மரமும் கிராமத்து ஆளும்

சென்னையில் தியாகராய நகர் என்னும் பகுதி 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியின் ஒரு பாகத்தைத் தூர்த்து அமைக்கப்பட்டது. ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்களுள் ஒருவராகிய ஸர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் நடுவே பனகால் பூங்கா அமைந்துள்ளது. தோட்டத்தோடு கூடிய பழைய வீடுகள் பல இன்று அடுக்கு மாடிகளாகிவிட்டன. ஆயினும் மதிலோரத்துத் தென்னைகள் அங்குமிங்கும் எஞ்சி நிற்கின்றன. அவற்றின் காய்களைப் பறிக்கவும், காய்ந்த மட்டைகளைக் கழிக்கவும் வரும் ஆட்களிற் பலர் கிராமங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவரே.

கிராமத்துத் தோப்பில் ஏறுவதற்கும் இங்கே ஏறுவதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. தோப்பில் மரத்தடியில் மண் இருக்கும்; இங்கே சிமெண்டுத் தரையும், ஈட்டி முனை பொருந்திய இரும்பு வேலியும், நிறுத்திய மோட்டார் வண்டிகளும் இருக்கின்றன. காயையும் மட்டையையும் போட இடமில்லாமையால் ஒவ்வொன்றையுங் கயிற்றிற் கட்டி இறக்க வேண்டியதாகின்றது. ஆகவே, ஏறியவன் உச்சியில் நிற்குங் காலம் நீளுகின்றது, கைகள் சோர்கின்றன. 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வீசிய வர்தா புயலிற் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அத்தகைய புயலுக்குப் பின் பாதி முறிந்து தொங்குங் கிளைகளை வெட்டுதல் எத்துணை அபாயமான வேலையென்பதை அதிற் கைவைத்தவரே அறிவர். பட்டணத்தில் வேலை தேடிப் போகும் அங்கத்தினரும், ஊரில் தம் தோப்பில் ஏறும் அங்கத்தினரும் ஒருங்கே அறியவேண்டிய விஷயங்கள் கீழே வருகின்றன.

2. வீழ்ச்சியின் கணக்கு

15 மீட்டர், அதாவது ஏறக்குறைய 50 அடி உயரத்திலிருந்து வழுக்கியவன் இரண்டு விநாடிக்குள் தரையை அடைகின்றான். அப்பொழுது அவனுடைய வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்டதாகும். சாலையில் விரைந்தோடும் மோட்டார் வண்டியினின்று வெளியே எறியப்படுவதும் இதுவும் ஒன்றே. இரண்டு விநாடியிற் கையால் எதனையும் பற்றிக்கொள்ள இயலாது. ஆதலால், வழுக்குவதற்கு முன்னரே பிடிப்பு அமைந்திருத்தல் வேண்டும்.

ஆனாற் கயிறு ஒன்று கட்டியிருந்தாற் போதுமென்று எண்ணலாகாது. 70 கிலோ எடையுள்ள ஒருவன் 2 மீட்டர் தடையின்றி வீழ்ந்து, இழுபடாத கயிற்றினால் 10 சென்டிமீட்டர் தூரத்திற்குள் சடுதியாய் நிறுத்தப்படுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவன் உடம்பின்மேல் விழும் இழுப்பு சராசரி 1,470 கிலோ பாரத்திற்குச் சமமாகும். அதே வீழ்ச்சி 1 மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தப்படுமாயின் இழுப்பு 210 கிலோ பாரமே. முன்னது முதுகெலும்பை முறிக்கும். பின்னது உயிரோடு இறக்கும். இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, கயிறு எப்பொழுதும் தளர்வின்றி இருக்கவேண்டும். தளர்வு எவ்வளவோ வீழ்ச்சியும் அவ்வளவு. இரண்டாவது, அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்பு ஒன்று கயிற்றுக்கும் மனிதனுக்கும் இடையே இருக்கவேண்டும். தையல் பிரிந்து நீளும் மடிப்புப் பட்டையாக இது கடைகளிற் கிடைக்கின்றது.

3. கயிறு

நம் முன்னோர் காலில் இட்ட தளையும், மரத்தைச் சுற்றி முதுகைத் தாங்கிய கயிறும் ஏறுவதற்குத் துணையே தவிர, வீழ்வதினின்று காப்பன அல்ல. காப்புக்கென்று தேங்காய்நார்க் கயிற்றை நம்புவதும் தவறு. அது மழையிலும் வெயிலிலும் உள்ளுக்குள்ளே இற்றுப்போகும். இற்றது வெளியே தெரியாது.

காப்புக்குரிய கயிறு, உள்ளே நார்த்திரளும் வெளியே பின்னிய உறையும் உடையது; நைலானாலோ பாலியெஸ்டராலோ செய்யப்படுவது. உறை தேய்ந்தால் உட்புறங் காணப்படுமாதலால், தேய்வு கண்ணுக்கு வெளிப்படையாகும். இவ்வகையிற் குறைந்த நீட்சியுடைய கயிறே தொழிலுக்கு ஏற்றது. இ.என். 1891 என்னும் ஐரோப்பிய அளவைக்குட்பட்ட 'ஏ' வகைக் கயிறு 2,200 கிலோ பாரத்திற்கு மேல் தாங்கவேண்டுமென்பது விதி. கயிற்றில் முடிச்சிட்டால் வலிமையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறையக்கூடும். சுமையோ, அறுபடும் பாரத்திற் பத்திலொரு பங்கிற்கு மேற்படலாகாது. எனவே 2,200 கிலோ தாங்குங் கயிறென்றால் அதனை 220 கிலோவுக்கே உரியதென்று கொள்க.

கயிற்றுக்குப் பகைவர் ஐவர் உளர். அவர்களை அறிந்து விலக்குக.

அரிவாள் முதற்பகை. இழுபட்டு நிற்கும் நைலான் கயிற்றின்மேற் கூரிய வாய் மெல்லப் பட்டாலும் அறுந்துவிடும். ஆகையால் மட்டை வெட்டுவோன் மரத்தைச் சுற்றியிடுங் கயிறு உள்ளே எஃகு இழை கொண்டதாயிருத்தல் நலம்.

உராய்வு இரண்டாவது பகை. ஒரு கயிற்றின்மேல் மற்றொரு கயிறு ஒரே இடத்தில் ஓடுமாயின் சூடேறி உருகும். நைலான் நெருப்பின் முன் நூலைப்போல் இளகிவிடும் பொருளென்பதை மறவற்க.

வெயில் மூன்றாவது பகை. கொடியிற் காயவிட்ட கயிறு நாளுக்கு நாள் வலிமை இழக்கும். நிழலில் உலர்த்திப் பையிலிட்டு வைக்கவேண்டும்.

பாட்டரித் திராவகம் நான்காவது பகை. அது நைலானை அரித்துவிடும்; அரித்த இடம் வெளியே தெரியாமலும் இருக்கலாம். டிராக்டர் கொட்டகையிலும் பாட்டரி வைத்த மூலையிலும் கயிற்றை வைக்கலாகாது.

முதுமை ஐந்தாவது பகை. உபயோகியாமலே வைத்திருந்தாலும் பத்து வருஷத்திற்குமேல் நூலிழைக் கயிற்றை நம்பலாகாதென்று செய்வோரிற் பெரும்பாலார் குறிக்கின்றனர். ஒருமுறை பலமான வீழ்ச்சியைத் தாங்கிய கயிற்றை அன்றே ஒதுக்கிவிடவேண்டும். ஒதுக்கியதைத் துண்டு துண்டாக வெட்டிவிடுதல் அவசியம். இல்லாவிடில் மற்றொருவன் எடுத்துக்கொண்டு மரமேறுவான்.

4. கச்சையும் இரண்டு பிடிப்பும்

இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை, வீழ்ந்தவனை இரண்டாக மடித்து முதுகெலும்பையும் வயிற்றையும் நசுக்கும். தோள், மார்பு, தொடை மூன்றையுந் தழுவும் முழு உடற்கச்சையே தக்கது. இந்திய அளவைக் குழுவின் ஐ.எஸ். 3521 என்னும் முத்திரை அதில் உளதாவெனப் பார்த்து வாங்குக. தலைக்கவசம் தாடைப்பட்டையோடு கூடியதாயிருக்க வேண்டும். பட்டையில்லாத கவசம் தலைக்கு முன்னே தரையை அடைந்துவிடும்.

இத்தொழிலின் தலையாய விதி யாதெனில், ஏறியவன் எக்கணத்திலும் ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிப்புக்களில் இருத்தல் வேண்டும் என்பதே. ஒன்று அறுந்தால் மற்றொன்று தாங்கும். ஒரு பிடிப்பை அவிழ்த்து வேறிடத்திற் பூட்டுமுன் இன்னொரு பிடிப்பு பூட்டியதா என்று கையாற் பற்றி இழுத்துப் பார்க்கவேண்டும்.

தென்னையிலும் பனையிலும் மற்றொரு சங்கடமும் உளது. மரத்தைச் சும்மா வளைத்திட்ட கயிறு, ஏறியவன் கால் வழுக்கியதும் அவனோடு அடிவரை சறுக்கிவிடும். நடுவிலே தடுக்கக் கிளையில்லை. ஆதலாற் பாரம் விழுந்தவுடன் சுருக்குப்போல மரத்தை இறுகப் பற்றுங் கயிறே இம்மரங்களுக்குக் காப்பாகும். இதனையொத்ததே 1931-ல் ஆஸ்திரிய நாட்டு மலையேறியாகிய கார்ல் புரூசிக் என்பார் வெளியிட்ட முடிச்சு. பெரிய கயிற்றின்மேல் மெல்லிய கயிறொன்றை மும்முறை சுற்றி உட்புகுத்தினால், பாரமில்லாதபோது அது நகரும். பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும். இதைத் தரையில் நின்று நூறு முறை போட்டுப் பழகிய பின்னரே மரத்திற் போடவேண்டும்.

5. காலால் மிதித்தேறுங் கருவி

கேரளத்தில் கண்ணூரை அடுத்த செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்னும் விவசாயி அமைத்த தென்னையேறுங் கருவி நாடெங்கும் பரவியது. வலக்காலுக்கொன்றும் இடக்காலுக்கொன்றுமாக இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் எஃகுக் கம்பிவடம். ஒரு காலைப் பாரமாய் ஊன்றினால் அப்பக்கத்து வடம் மரத்தை இறுக்கும். அதே நேரத்தில் மற்றச் சட்டத்தைக் கையால் மேலே தூக்கலாம். இவ்வாறு படியேறுவதுபோல ஏறலாம். மரபுத் தொழிலாளர் அல்லாதாரும், பெண்களும் இதனைப் பழகிக்கொண்டனர். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியபொழுது இக்கருவியையே கையாண்டது.

இக்கருவி ஏற்றுகின்றதே தவிர, கால் நழுவியவனைத் தானே தாங்குவதில்லை. ஆகையால் 1916-ல் சென்னை மாகாண அரசாங்கத்தாரால் நிறுவப்பெற்று, 1970-ல் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமாகிய காசரகோட்டு நிலையத்தார் இதற்கெனப் பாதுகாப்பு இணைப்பொன்றை அமைத்தனர். கருவியை வாங்குவோர் இணைப்பையும் கச்சையையும் சேர்த்து வாங்காவிடின் பாதிக் காரியமே செய்தவராவர்.

6. விசையால் ஏறுதல்

விசையைக்கொண்டு ஏறும் முறைகள் இரண்டு.

முதலாவது, மரத்தையே பற்றி ஏறும் வண்டி. கர்நாடகத்தில் பண்டுவாள் தாலுகாவைச் சேர்ந்த கணபதி பட் என்னும் பாக்கு விவசாயி அமைத்த கருவி 2019-ல் பலராலும் பேசப்பட்டது. இருக்கையும், கைப்பிடியும், சிறு பெட்ரோல் எஞ்சினும் உடையது அது. சக்கரங்கள் மரத்தை நெருக்கிப் பற்றி மேலே உருள, அமர்ந்தவன் உடன் செல்கின்றான். கமுகு மரம் நேராயும் ஒரே பருமனாயும் இருத்தலால் அதற்கு இது பொருந்துகின்றது. அடி பருத்து வளைந்த தென்னைக்கும், மட்டைத் தழும்புகளாற் கரடுமுரடான பனைக்கும் அப்படியே பொருந்துமென்று கொள்ளலாகாது.

இரண்டாவது, தொங்கவிட்ட கயிற்றில் ஏறும் விசைக்கருவி. கிணற்றுக் கப்பியைப்போல இது கயிற்றைத் தரைக்கு இழுப்பதன்று. கயிறு அசையாது தொங்கும். கருவியினுள்ளே பல்லுடைய உருளையொன்று கயிற்றைப் பற்றிச் சுழல, கருவியும் அதிற் பூட்டிய மனிதனும் மேலே செல்வர். பொத்தானைவிட்டுக் கையெடுத்தால் தடை தானே விழுந்து நிற்கும். இத்தகைய கருவிகள் பாட்டரியாலும் பெட்ரோலாலும் இயங்குவனவாக மேல்நாடுகளில் மரவேலைக்காரராலும் மீட்புப் படையினராலும் கையாளப்படுகின்றன. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவராயிருந்த நேதன் பால் என்பாருக்கு 2007-ல் லெமெல்சன் பரிசு கிடைத்தபொழுது, அவர் அமைப்பிற் பங்குகொண்ட இவ்வகைக் கருவியும் அதற்குக் காரணமாயிருந்தது.

இதனைக் கண்டவுடன் நம் சங்கத்தார், தென்னையேறும் ஆள் கிடைக்காத குறை தீர்ந்ததென்று மகிழலாம். சற்று நின்று யோசிக்கவேண்டும். கயிற்றில் ஏறுமுன் அக்கயிறு மேலே உறுதியான ஓரிடத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டுமன்றோ? தூங்குமூஞ்சி, வேம்பு, அரசு போன்ற கிளை மரங்களில் நல்ல கவட்டைப் பார்த்து, எடை கட்டிய மெல்லிய நூலை எறிந்து, அதனால் கயிற்றை இழுத்து மாட்டலாம். இருவர் சேர்ந்து தொங்கிச் சோதித்தபின் ஏறலாம். தியாகராய நகரத்துச் சாலையோர நிழல் மரங்களைக் கழிப்பதற்கு இம்முறை ஏற்றதே. தென்னைக்கோ பனைக்கோ கவடில்லை. மட்டையின்மேல் மாட்டிய கயிறு, பழுத்த மட்டை கழன்றவுடன் ஆளோடு கீழே வரும். பச்சை மட்டைதானென்று தரையிலிருந்து நிச்சயிக்க முடியாது. ஆகவே, ஒற்றைத்தண்டு மரத்திற்கு இக்கருவி முதல் ஏற்றத்திற்கு உதவாது என்பதே இப்பாடத்தில் முக்கியமாய் நினைவிற் கொள்ளத்தக்கது.

விசைக்கருவியைக் கையாளுவோர் வேறு நான்கு விஷயங்களையும் அறியவேண்டும். விசைக்கருவி ஒரு பிடிப்பே. இரண்டாவது கயிறும் அதிற் பற்றுங் கொக்கியும் தனியே வேண்டும். எஞ்சின் நின்றுவிட்டாற் கையால் இறங்கும் வழியை முதல்நாளே பழகவேண்டும். கருவி மனிதனைவிட வலியதாதலால், கிளையில் மாட்டிக்கொண்ட கையையோ துணியையோ அது அறியாது. மேல் நோக்கியவாறே பொத்தானை அழுத்துக. எந்தக் கருவிக்கு எந்தப் பருமனுள்ள கயிறு குறிக்கப்பட்டுள்ளதோ அதனையன்றி வேறொன்றையும் இடாதீர்.

7. எம்மரத்திற்கு எது

தென்னையில் ஒன்றரை மாதத்திற்கோ இரண்டு மாதத்திற்கோ ஒருமுறை காய் பறிக்கின்றோம். மரத்துக்கு ஐந்து நிமிஷம் கருவி பூட்டச் செலவானாலும் குற்றமில்லை. பதனீர் இறக்கும் பனையேறியின் நிலை வேறு. அவன் பருவகாலத்தில் நாளைக்கு இருமுறை ஒவ்வொரு மரத்திலும் ஏறுகின்றான். 30 மரமென்று கொண்டால் 60 ஏற்றம். மரம் 15 மீட்டரானால் ஒரு நாளில் 900 மீட்டர் உயரம். ஏற்றமொன்றுக்குக் கருவி பூட்டிக் கழற்ற ஐந்து நிமிஷமானால் அதற்கே 5 மணி நேரமாகும், பதனீர் புளித்துவிடும். பனையேறி கருவியை வெறுப்பது அறியாமையாலன்று, இக்கணக்கை அறிந்தமையாலேயே. ஆகவே பனையில் விரைவாகப் பூட்டவும் கழற்றவுங்கூடிய சுருக்குக் கயிறும் இலேசான கச்சையுமே இப்பொழுது உதவத்தக்கவை. பனையைத் தன் மாநில மரமாகக் கொண்ட தமிழ்நாட்டில் அதற்கேற்ற கருவி செய்வோர்க்கு இன்னும் நிறைந்த இடமுண்டு.

ஏறுமுன் தரையில் நின்று உச்சியை நன்றாகப் பார்க்கவேண்டும். கடந்தைக் குளவிக்கூடு உளதா? மட்டைகள் மின்சாரக் கம்பியைத் தொடுகின்றனவா? தொட்டால், மின்சார இலாகாவார் வந்து நிறுத்தும்வரை எவரும் ஏறலாகாது. ஈரமான பச்சை மட்டை மின்சாரத்தைக் கடத்தும். புயலில் வேரசைந்த மரத்திலும், நடுவிற் பொந்துவிழுந்த மரத்திலும் எக்கருவியைக்கொண்டும் ஏறாதீர்.

8. தொங்குபவனை மீட்டல்

கச்சை ஒருவனைத் தாங்கிவிட்டால் காரியம் முடிந்ததென்று எண்ணுவது பெரும் பிழை. நினைவிழந்து அசைவின்றித் தொங்குபவனுடைய இரத்தம் கால்களிலே தேங்கி, சில நிமிஷங்களில் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலாற் தனியாக ஒருவன் மரமேறலாகாது. கீழே நிற்பவன் மீட்கும் முறை அறிந்தவனாயிருத்தல் வேண்டும். இரண்டாவது கச்சையும் கயிறும் மரத்தடியிலேயே இருத்தல் வேண்டும். மீட்பவர் மரத்திலிருக்கையில் வேறொருவர் 108-க்குச் செய்தி சொல்லவேண்டும். தரையில் வீழ்ந்தவனைத் தூக்கி உட்காரவைப்பதும், தண்ணீர் புகட்டுவதும் கூடாது. கழுத்தும் முதுகும் அசையாதபடி கிடத்தி, வைத்தியரை எதிர்பார்க்கவும்.

9. சங்கம் செய்யத்தக்கது

ஒரு தொகுதிச் சாமானுக்கு, அதாவது கச்சை, கயிறு, கொக்கி, தலைக்கவசம் ஆகியவற்றிற்கு ரூ. 12,000 ஆகின்றதென்று உதாரணத்துக்காகக் கொள்வோம். நான்கு வருஷம் உழைத்தால் வருஷத்திற்கு ரூ. 3,000. அதனை அணிந்தவன் வருஷத்தில் 3,000 மரம் ஏறினால் மரமொன்றுக்கு ஒரு ரூபாய். ஒரு தேங்காயின் விலையிற் சிறு பங்கு இது. இதனைத் தொழிலாளி ஒருவனே முன்பணமாகக் கொடுக்க முடியாது; சங்கம் கொடுத்து, ஏற்றக் கூலியுடன் மரத்திற்கு ஒரு ரூபாய் சேர்த்து வசூலித்துக்கொள்ளலாம். மரத்துக்குடையவர் அதைத் தர மறுப்பாராயின், அவருடைய தோப்பில் ஏறுவதில்லையென்று சங்கம் உறுதியாய் நிற்றல் வேண்டும்.

சாமானுக்கெனச் சங்கம் ஒரு பதிவுப் புத்தகம் வைக்கவேண்டும். கயிறு ஒவ்வொன்றிற்கும் எண், வாங்கிய தேதி, பரீக்ஷித்த தேதி, வீழ்ச்சி தாங்கியதுண்டா என்பவற்றை அதிற் குறிக்கவேண்டும். மாதமொருமுறை காரியதரிசி அல்லது பயின்ற ஒருவர் கயிற்றை முழுநீளமும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மெலிந்த இடமும், விறைத்த இடமும், உறை நகர்ந்த இடமும் கண்டால் அப்பொழுதே தள்ளிவிடவேண்டும்.

தென்னையேறுவோர்க்குத் தென்னை வளர்ச்சி வாரியம் கேரசுரக்ஷா என்னும் இன்ஷூரன்ஸ் ஏற்பாட்டை அமைத்திருக்கின்றது. பனைத் தொழிலாளர்க்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் உண்டு. அங்கத்தினருள் மரமேறுவோர் ஒவ்வொருவரையும் இவற்றிற் பதிவுசெய்வித்தல் காரியதரிசியின் கடமை. ஆயினும் இன்ஷூரன்ஸ் பணம் மனைவி மக்களுக்கு வருவது. கயிறோ அவனையே வீட்டுக்குக் கொண்டுவருவது. இரண்டில் முன்னே வாங்கவேண்டியது எதுவென்று சொல்லவேண்டுவதில்லை.

விசைக்கருவி வாங்குவதைப் பற்றி நமது அபிப்பிராயம் இதுவே: முதலிற் கச்சையும் கயிறும்; அதன்பின் பயிற்சி; அதன்பின் காலால் மிதிக்குங் கருவி; பல கிளை மரங்களைக் கழிக்கும் வேலை நிலையாகக் கிடைக்குமாயின் மட்டும் கடைசியில் விசைக்கருவி. இவ்வரிசையை மாற்றி, விலையுயர்ந்த யந்திரத்தை முதலில் வாங்கிப் பழைய கயிற்றில் அதனைத் தொங்கவிடுஞ் சங்கம், தன் அங்கத்தினனை விரைவாக மேலே ஏற்றுமேயன்றிப் பத்திரமாகக் கீழே இறக்காது.

சங்கக் கூட்டத்திற் கேட்டுக் கலந்துபேச வேண்டிய கேள்விகள்

(1) நம் சங்கத்தில் மரமேறும் அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களுள் முழு உடற்கச்சை உடையவர் எத்தனை பேர்?

(2) நாம் இப்பொழுது உபயோகிக்குங் கயிற்றை வாங்கிய வருஷம் யாது? அதனைக் கடைசியாகப் பரீக்ஷித்தவர் யார்?

(3) ஒருவன் உச்சியில் நினைவிழந்து தொங்கினால், ஏறி மீட்கத்தக்கவர் ஊரில் எவர்? அவர் அன்று வெளியூர் போயிருந்தால் வேறு எவர்?

(4) தென்னையின் மட்டையில் மாட்டிய கயிற்றை ஏன் நம்பலாகாது?

(5) மரத்திற்கு ஒரு ரூபாய் சேர்த்து வாங்க மரத்துக்குடையவர்களை இணங்கச் செய்வது எப்படி?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடையாத ஊரில், விடை கிடைக்கும்வரை ஒருவரும் மரமேறாதிருப்பாராக.